பாய் வாங்கிக் கொடுத்தால் போதுமா?



எதிரணி நண்பர் அழகாகச் சொன்னார். "உள்நாட்டுப் போர்ல தப்பி வர்றவங்க பக்கத்து நாட்டிலேயே தங்கட்டும். பணக்கார நாடுகள் பணம் அனுப்பினாப் போதும்"னாரு. ஐயா, கேட்க நல்லாத்தான் இருக்கு. தெருவுல ஒரு வீடு தீப்பிடிச்சு எரியுது. குடிசைக்காரன் பத்துப் பேரைத் தன் திண்ணையில படுக்க வைக்கிறான். மாடி வீட்டுக்காரர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "தம்பி, பாய் வாங்கக் காசு தரட்டுமா?"ங்கிறார்! (சிரிப்பு)

இது கதை இல்லீங்க. 2011-ல் சிரியாவில் சண்டை மூண்டது. ஜனங்க பக்கத்து லெபனானுக்கு ஓடினாங்க. சுமார் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர்தான் அந்த நாடு. 2014 ஏப்ரலில் அங்கே பதிவான சிரிய அகதிகள் மட்டும் பத்து லட்சம்! உள்ளூர்க்காரர் நாலஞ்சு பேருக்கு ஓர் அகதி. காலையில உள்ளூர்ப் பிள்ளைங்க படிச்ச பள்ளிக்கூடத்துலயே மத்தியானம் சிரியாப் பிள்ளைங்க படிச்சாங்க. இத்தனைக்கும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் லெபனான் கையெழுத்தே போடலை. போட்டவங்கல்லாம் எங்கேய்யா இருந்தீங்க?

சரி, பணமாவது ஒழுங்கா வந்துச்சா? 2014 டிசம்பர் முதல் தேதி, கையில் காசில்லை என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 17 லட்சம் சிரிய அகதிகளுக்கான உணவுச் சீட்டை நிறுத்தியது. சில நாள்ல நன்கொடை சேர்ந்து மறுபடி கொடுத்தாங்க. அடுத்த வருஷம் மறுபடியும் வெட்டு. அந்த 2015-லதான் லட்சக்கணக்கான பேர் ரப்பர் படகுல ஏறி ஐரோப்பாவுக்குக் கிளம்பினாங்க. அது ஒண்ணே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளைக்குச் சோறு இல்லேன்னா, தாய் கடலோட ஆழத்தையா பார்ப்பா?

"எல்லாரும் திமுதிமுன்னு வந்தா எப்படி?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. ஜெர்மனிக்கு 2015-ல் ஒன்பது லட்சம் பேர் அளவுக்கு வந்தாங்க. இடமில்லாம திண்டாடினாங்க, எதிர்ப்பும் கிளம்புச்சு. அதனாலதான் கனடாவைப் பாருங்கன்னு சொல்றேன். அங்கே அஞ்சு பேர் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தை ஓராண்டு தாங்க வழி இருந்துச்சு. வாடகை, குளிர்கோட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறது எல்லாம் அவங்க பொறுப்பா இருந்துச்சு. வியட்நாம், கம்போடியா அகதிகளுக்காக 1979-லேயே நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. அரசாங்கம் ஒரு பக்கம், இப்படிப்பட்ட குழுக்கள் ஒரு பக்கம்னு, 2015 நவம்பரிலிருந்து 2016 பிப்ரவரிக்குள் 25,000 சிரியர்களைக் கூட்டிவந்தாங்க. படகுல இல்லீங்க, விமானத்துல! (கைதட்டல்)

"வந்தவன் திரும்பவே மாட்டான்"னாரு. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஓராண்டுக்குள்ள பத்து லட்சம் பேருக்கு மேல ஊர் திரும்பினாங்க, பெரும்பாலும் பக்கத்து நாடுகள்ல இருந்து. ஜெர்மனியில நிறையப் பேர் தங்கிட்டாங்க, உண்மைதான். 2023 கணக்குப்படி அங்கே வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டர்கள்ல சிரியாக்காரங்கதான் முதலிடம். அவங்க மூட்டை கட்டினா, ஆஸ்பத்திரிக்காரரே வாசல்ல குறுக்கே படுத்துக்குவார்! (சிரிப்பு)

நடுவர் மணியில கை வைக்கிறார்.