துன்புறும் அடியார் யார்? ஏசாயா 53ஆம் அதிகாரமும் நமது நிலையும்

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும் அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன்.



கல்லூரிகளிலும் பணியிடங்களிலும் கிறித்தவ நண்பர்கள் நம் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இயேசு சிலுவையில் அறையப்படவில்லை என்று உங்கள் வேதம் சொல்கிறது. ஆனால் அவர் பாடுபட்டு மரிப்பார் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏசாயா தீர்க்கதரிசி எழுதி வைத்திருக்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்பதே அது.

நம்மில் சிலர் இதற்கு அவசரப்பட்டு ஒரு விடை கூறிவிடுகிறார்கள். "அந்த அதிகாரத்தைக் கிறித்தவர்களே பிற்காலத்தில் எழுதிச் சேர்த்துவிட்டார்கள்" என்கிறார்கள். சகோதரர்களே, அது உண்மையன்று. 1947ஆம் ஆண்டு சாக்கடலின் ஓரத்திலுள்ள கும்ரான் குகையொன்றில் ஆடு மேய்க்கும் பதூவிகளின் கையில் சில தோற்சுருள்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஏசாயா நூல் முழுவதும் எழுதப்பட்ட சுருள். ஏழு மீட்டருக்கும் அதிகமான நீளமுடைய அச்சுருள், ஈஸா (அலை) அவர்கள் பிறப்பதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்களின் முடிவு. 53ஆம் அதிகாரமும் அதில் இருக்கிறது. சிற்சில சொற்களில் வேறுபாடு உண்டே தவிர, யூதர்கள் இன்று ஓதும் அதே அதிகாரந்தான் அது. ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று திருமறை (5:8) நமக்குக் கட்டளையிட்டிருக்க, இல்லாத குற்றத்தைப் பிறர் மீது சுமத்தி நம் தீனை நாம் காக்க வேண்டியதில்லை.

அந்த அதிகாரம் என்னதான் கூறுகிறது? இறைவனின் அடியார் ஒருவர் மக்களால் இகழப்படுகிறார். நோயும் துயரும் அவரைச் சூழ்கின்றன. பிறர் செய்த குற்றங்களுக்காக அவர் நொறுக்கப்படுகிறார். அறுக்கக் கொண்டு செல்லப்படும் ஆட்டைப்போல் வாய் திறவாமல் இருக்கிறார். தீயோருடன் அவருக்குக் கல்லறை அமைகிறது. முடிவில் அவர் தம் சந்ததியைக் கண்டு நீடித்து வாழ்வார் என்றும் வருகிறது. இதைக் கேட்கும் கிறித்தவர் ஒருவருக்குச் சிலுவைக் காட்சி கண்முன் நிற்பதில் வியப்பொன்றுமில்லை. பெரிய வெள்ளியன்று கத்தோலிக்க ஆலயங்களில் இப்பகுதியையே வாசிக்கிறார்கள்.

ஆயினும் அதில் அந்த அடியாரின் பெயர் இல்லை. இக்கேள்வி புதிதாக எழுந்ததுமன்று. புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய அரசியின் அதிகாரி ஒருவர் காஸா செல்லும் வழியில் தேரில் அமர்ந்து இதே பகுதியைப் படிக்கிறார். தீர்க்கதரிசி தம்மைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றிச் சொல்கிறாரா என்று அவர் பிலிப்புவிடம் கேட்கிறார். பிலிப்பு அதை இயேசுவோடு இணைத்து விளக்குகிறார். மத்தேயுவோ (8:17) அதே அதிகாரத்தின் ஒரு வசனத்தைச் சிலுவைக்கன்றி, இயேசு நோயாளிகளைக் குணப்படுத்தியதற்குப் பொருத்துகிறார். இதை நம் பிள்ளைகள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வேதத்தைத் தம் மொழியில் ஓதிவந்த யூதர்கள் என்ன கூறினார்கள்? அவர்களிடையேயும் ஒரே கருத்து இருந்ததில்லை. தர்கூம் என்னும் பழைய அரமேய விளக்கம் அந்த அடியாரை மஸீஹ் என்றே சொல்கிறது. ஆனால் துன்பங்களை அவரிடமிருந்து அகற்றிப் பிறர் மீது ஏற்றிவிடுகிறது. பக்தாதில் வாழ்ந்த ஸஅதியா என்ற யூத அறிஞர் (இறப்பு 942) அவரை எரேமியா தீர்க்கதரிசி என்றார். பிரான்சில் வாழ்ந்த ராஷி (1040–1105), அது இஸ்ரவேல் சமுதாயம் முழுவதையும் குறிக்கிறது என்றார். அவர் வாழ்நாளில்தான், 1096இல், சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டத்தார் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். அவர் இளமையில் கல்வி கற்ற ஊர்கள் அவை. இந்த விளக்கம் அவர் புதிதாகக் கண்டதுமன்று. சிதறுண்ட யூத மக்களையே இப்பகுதி குறிப்பதாகச் சில யூத அறிஞர்கள் தம்மிடம் வாதிட்டதைக் கிறித்தவ அறிஞர் ஓரிஜன் 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஏசாயா நூலின் 49ஆம் அதிகாரம் இஸ்ரவேலை அடியார் என்று பெயர் சொல்லியே அழைப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். சந்ததியைக் காண்பார் என்பது மணமாகாத இயேசுவுக்கு எவ்வாறு பொருந்தும் என்றும் கேட்பார்கள். அது ஆன்மிகச் சந்ததி என்பது கிறித்தவர்களின் பதில்.

1263இல் ஸ்பெயினின் பார்ஸலோனாவில், மன்னர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில் இது பற்றிப் பெரும் விவாதம் நடந்தது. யூதர்கள் தரப்பில் வாதிட்ட நஹ்மனிதஸ் என்ற மூத்த ரப்பி, அதன் விளைவாகப் பின்னர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. 1267இல் அவர் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? மம்லூக் சுல்தான் பைபர்ஸின் ஆட்சியிலிருந்த பைத்துல் முகத்தஸ்! அங்கே அவர் தம் மக்களுக்காக ஒரு தொழுகைக்கூடமும் அமைத்தார்.

இனி நம்மிடம் வருவோம். நபி (ஸல்) அவர்களைப் பற்றித் தவ்ராத்தில் உள்ள வர்ணனை என்ன என்று கேட்கப்பட்டபோது, அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் கூறிய விடை புகாரீயில் பதிவாகியுள்ளது. கடுமையற்றவர், கடைவீதிகளில் கூச்சலிடாதவர் என்றெல்லாம் அதில் வருகிறது. ஏசாயா 42ஆம் அதிகாரத்தைப் படிப்பவர் இந்த ஒற்றுமையை உணராமல் இருக்க முடியாது. அந்த 42ஆம் அதிகாரத்தின் அடியாரையும் 53ஆம் அதிகாரத்தின் அடியாரையும் ஒருவராகவே கிறித்தவர்கள் கருதுகிறார்கள். ஆகவே 42 வந்தால் "இதோ எங்கள் நபி" என்று கொண்டாடுவதும், 53 வந்தால் "இது இடைச்செருகல்" என்று தள்ளிவிடுவதும் அறிவுடையோர் செய்யும் வாதமன்று. வேதக்காரர்கள் கூறுவதை உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள் என்பது நபிமொழி. ஏசாயா யாரைக் கருதினார் என்று நமக்குக் குர்ஆன் அறிவிக்கவில்லை. ஈஸா (அலை) கொல்லப்படவில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை என்று அறிவித்திருக்கிறது (4:157). நம் நம்பிக்கை அதன் மீது நிற்கிறது. ஏசாயாவுக்கு நாம் தரும் விளக்கத்தின் மீதன்று.

நல்லடியார் துன்புறுவதில் நமக்கு மறுப்பேதும் இல்லை. அய்யூப் (அலை) அவர்களின் நோயையும், தாயிஃபில் கல்லடிபட்டு இரத்தம் வழிய நின்ற நம் நபி (ஸல்) அவர்களையும் நாம் அறிவோம். மக்களிலேயே மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவோர் நபிமார்களே என்று அவர்களே கூறியிருக்கிறார்கள். ஒருவரின் துன்பம் இன்னொருவரின் பாவத்துக்கு விலையாகுமா என்பதுதான் வேறுபாடு. ஓர் ஆத்மாவின் சுமையை இன்னோர் ஆத்மா சுமக்காது என்று குர்ஆன் (53:38) சொல்கிறது. மகனின் பாவத்தைத் தந்தையோ, தந்தையின் பாவத்தை மகனோ சுமப்பதில்லை என்ற கருத்து எபிரேய வேதத்தின் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. பேச வேண்டியவர்கள் இதைப் பற்றி அழகிய முறையில் பேசட்டும் (29:46).

இன்னொரு செய்தி. அடியார் என்பதற்கு ஏசாயா நூலில் உள்ள எபிரேயச் சொல் 'எபெத்'. அரபியில் 'அப்து'. இரண்டும் ஒரே வேர். தொட்டிலில் பேசிய ஈஸா (அலை) அவர்கள் தம்மை அல்லாஹ்வின் அப்து என்றே முதலில் அறிமுகப்படுத்தியதாக ஸூரா மர்யம் (19:30) கூறுகிறது. கிறித்தவ நண்பர் ஏசாயாவைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தால், உரையாடலை அந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு அறிவையும் நாவடக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.