கெர்னிகாவைக் கண்ட குரு



தேனி மாவட்டத்துக் கோம்பையிலிருந்து மேற்கே தெரிகிறதே மலை, ஏலத்தோட்ட வேலைக்கு நம் வீட்டுப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறிப் போகிற மலை, அதற்கு அந்தப் பக்கம் கேரளம். 1959-இல் அங்கே இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து விமோசன சமரம் என்ற விடுதலைப் போராட்டம் மூண்டது. 1887-இல் பிறந்த கத்தோலிக்க ஏடு 'தீபிகா' போராட்டத்தின் பக்கம் நின்றது. ஜூலை 3 அன்று செறியதுறையில் போலீஸ் சுட்டதில் ஃப்ளோரி என்ற கர்ப்பிணி மீனவப் பெண் இறந்தார். கேரளமே கொதித்தது. அந்த மாதக் கடைசியில் அரசு கலைக்கப்பட்டது.

ஃப்ளோரியின் சாவு உண்மை. கம்யூனிஸ்ட் எதிர்ப்புக்குக் கைகொடுத்த உண்மை. அதை எழுத மத ஏடுகள் தயங்க வேண்டியிருக்கவில்லை.

கைகொடுக்காத உண்மை வந்தால்? ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புப் பகுதிகளில் ஏறத்தாழ 7,000 குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்க ஏடுகளின் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவுக்காக வந்த ஜெர்மன் விமானங்கள் பாஸ்க் ஊரான கெர்னிகாவின் மேல் குண்டு வீசின. செய்தியாளர் ஜார்ஜ் ஸ்டீர் அன்றிரவே எரிகிற ஊருக்குள் போனார். ஜெர்மன் முத்திரை பதித்த தீக்குண்டுக் கூடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஊரைக் கொளுத்தியது பின்வாங்கிய குடியரசுப் படைதான் என்றது பிராங்கோ தரப்பு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கத்தோலிக்க ஏடுகள் பல அதையே அச்சடித்தன.

அந்தக் குண்டுவீச்சைக் கண்ணால் கண்டவர்களில் ஒருவர் அல்பெர்த்தோ ஒனைந்தியா. பாஸ்க் இனத்தவர், கத்தோலிக்க குரு. பாரிஸ் போய்த் தான் கண்டதைச் சொன்னார். பூசை வைக்கும் குருவின் சாட்சியையே அவருடைய திருச்சபையின் ஏடுகள் பல தள்ளின! நினைக்கும்தோறும் எனக்கு ஆறவில்லை.

பட்டம் பெறும் பிள்ளைகளே, நாளை உங்களில் சிலர் நாளிதழில் எழுதுவீர்கள். சிலர் கோயில் மலரோ, ஜமாத் இதழோ, பங்கு மடலோ நடத்துவீர்கள். பக்கம் எடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் நேரில் கண்டவர் வந்து சொன்னால், எதிரிக்கு லாபமாகுமா என்று கணக்குப் பார்க்காமல், ஊரும் நாளும் சரிபார்த்து அச்சேற்றுங்கள்.

அதற்கு விலை உண்டு. நியூயார்க் கத்தோலிக்கப் பொதுநிலையினர் நடத்திய 'காமன்வீல்' 1938 ஜூனில் பிராங்கோ ஆதரவுக்கு இணங்காமல் நடுநிலை அறிவித்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன, சந்தாதாரர்கள் பலர் விலகினர். பத்திரிகை இன்றும் வெளிவருகிறது.