என் ஆடுகள் என்றார் ஆண்டவர்

பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரை



இன்றைய நற்செய்தியில் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன், கூடவே அப்பம். இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரையேறும் சீடர்களுக்கு ஆண்டவரே காலை உணவு ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று இங்கே. மற்றொன்று தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே தான் அவருடைய சீடன் அல்ல என்று சொன்ன இடத்தில். அந்தப் புகை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

உணவு முடிந்ததும் கேள்வி வருகிறது. மறுதலித்தது மூன்று முறை. தம்மை அன்பு செய்கிறாயா என்று ஆண்டவர் கேட்பதும் மூன்று முறை. இந்தப் பகுதியில் அன்பைக் குறிக்க இரண்டு கிரேக்க வினைச்சொற்கள் வருகின்றன. அவற்றின் வேறுபாட்டை வைத்தே முழு மறையுரை ஆற்றுபவர்கள் உண்டு. குருமடத்தில் நாங்களும் அதை வைத்து மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். யோவான் அந்த இரு சொற்களையும் வேறு இடங்களிலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பயன்படுத்துவதால், நான் அதில் அதிகம் தங்க விரும்பவில்லை. என் கண்ணில் படுவது வேறு. பேதுரு தம் அன்பை அறிக்கையிட்டதும், "நானும் உன்னை அன்பு செய்கிறேன்" என்று இயேசு மறுமொழி சொல்லவில்லை. ஆடுகளை அவர் கையில் ஒப்படைக்கிறார். பேதுருவுக்குப் பிடித்த ஆடுகள் எவை என்று கேட்கவும் இல்லை. அவை எல்லாம் தம்முடையவை என்கிறார். கிறிஸ்துவை அன்பு செய்கிறேன் என்று சொல்பவரிடம் கிறிஸ்து தனியாக வருவதில்லை, தம் மக்களோடு வருகிறார்.

நாம் ஆண்டவரை அன்பு செய்கிறோமா? செய்கிறோம். தவக்காலத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் கால்களை நான் பார்த்திருக்கிறேன். நற்கருணை ஆசீரின்போது பெரியவர்கள் கண்கலங்குவதையும் பார்த்திருக்கிறேன். அது வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஆண்டவர் தரும் ஆடுகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோமே, அதைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று நம் தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். குரு அல்ல, துறவி அல்ல. மனைவியோடு குடும்பம் நடத்தியவர், அரசாங்க வேலை பார்த்தவர். 1712இல் நட்டாலத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அலுவலராக இருந்தார். குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு அதே மன்னரின் படைக்குத் தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பர். இழப்புமேல் இழப்பாக வந்து மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. பெயர் தேவசகாயம் ஆனது. மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. அங்கே தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார். அவர் வீட்டுக்குள் சிலுவையை வைத்து அமைதியாகச் செபித்திருந்தால் அரண்மனை கண்டும் காணாமல் இருந்திருக்கலாம். பந்தியில் யாரோடு உட்கார்ந்தார் என்பதும் சேர்ந்துதான் பகையை வளர்த்தது. 1749இல் சிறைப்பட்டார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின்மேல் பின்னோக்கி உட்காரவைத்து, ஊர் ஊராக இழுத்துப்போய் அடித்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

புனிதர் பட்டத்துக்கு முன்பு, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை உரோமை நீக்கியது. அதற்காக வருந்தியவர்கள் நம்மிலும் உண்டு. எனக்கு அது சரியென்றே படுகிறது. எதைக் கழற்றி வைத்ததற்காக அடிபட்டாரோ, அதை மறுபடியும் அவர் தோளில் போட்டுப் பீடத்தில் வைப்பது என்ன மரியாதை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல இனிமையான செய்தி இல்லை என்றாலும். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும்படி கட்டப்பட்டது. ஒரு பக்கம் ஒரு சாதியார், மறுபக்கம் மற்றவர்கள், நடுவில் சுவர். இரு தரப்பும் ஒரே பலியைக் கண்டார்கள், ஒருவரையொருவர் காணவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபைக் குரு கௌசானல் அடிகள் அந்தச் சுவரை அகற்றினார். அதை எதிர்த்துக் கத்தோலிக்கர்களே நீதிமன்றம் போனார்கள். அவர்களும் ஆண்டவரை அன்பு செய்தவர்கள்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தச் சுவர் இன்று இல்லை. ஆனால் சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தவர்களுக்கு நடுவே சுவர் இருக்கிறது. நம் கத்தோலிக்க இதழ்களின் மணமக்கள் தேவைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், "ஆர்.சி." என்ற இரண்டு எழுத்துக்கு அடுத்து என்ன அச்சாகிறது என்று பாருங்கள். பிள்ளை வேறு சாதியில் மணமுடித்ததால், அதே கோயிலில் பூசை காணும் மகளோடு பல ஆண்டுகளாகப் பேசாத பெற்றோர் எத்தனை பேர்! ஒரே நற்கருணையை வாங்கிக்கொண்டு வெவ்வேறு வாசல் வழியாக வீட்டுக்குப் போகிறார்கள். இப்படிப்பட்ட தாய் ஒருவர் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அம்மா, உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது உங்கள் ஆடு அல்ல, அவருடையது. இன்று மாலைக்குள் ஒரு போன் போடுங்கள்.

இதற்கு விலை இருக்கிறது என்பதை ஆண்டவர் மறைக்கவில்லை. ஆடுகளை ஒப்படைத்த கையோடு, முதிர்ந்த வயதில் பேதுரு கைகளை விரித்துக்கொடுக்க வேண்டிவரும் என்பதையும் சொல்லிவிடுகிறார். நமக்குச் சிலுவை வராது. சொந்தக்காரர்கள் முகம் திருப்புவார்கள், சங்கத்தில் பேச்சு எழும். ஞானப்பூ தன் கணவரை மூன்று ஆண்டுகள் சிறையில் விட்டுவிட்டு வெளியே எப்படி வாழ்ந்திருப்பார் என்று நினைத்தால், நம்முடையது சிறிய விலைதான்.

கோடை முடிந்ததும் பல பங்குகளில் திருவிழாக் கூட்டங்கள் தொடங்கும். தேர் எந்தத் தெரு வரை போகும், வரி எந்த வீடுகளில் வாங்குவது, எந்த வீடுகளை விட்டுவிடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். கூட்டம் செபத்தோடு தொடங்கும். ஆண்டவரே உம்மை அன்பு செய்கிறோம் என்று சொல்வோம். பிறகு வரிப் புத்தகத்தைத் திறப்போம். அந்தப் புத்தகத்தில் எந்தத் தெருவின் பெயர் இல்லை?