இரண்டு பிரம்மதேசம்



திண்டிவனம் பக்கம் ஒரு பிரம்மதேசம். விழுப்புரம் பக்கம், எண்ணாயிரத்துக்கு அருகே, இன்னொன்று. நான் முதல் ஊர்க்காரன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதியோர் உதவித்தொகைப் பட்டியலையும் கிராமப் பட்டியலையும் ஊர்ப் பெயரை வைத்து 'ஜாயின்' செய்தேன். நம்ம ஊர்ப் பாட்டிகள் எல்லாரும் இரண்டிரண்டாக வந்து நின்றார்கள்! பதறிப்போய் 'டிஸ்டிங்ட்' போட்டேன். இரட்டை மறைந்தது. கூடவே, பேரும் கணவர் பேரும் ஒன்றாயிருந்த இரு பாட்டிகளில் ஒருவரும் மறைந்துவிட்டார். கவனிக்காமல் விட்டிருந்தால் அவர் மாதப் பணம் அல்லவா போயிருக்கும்!

1970-இல் எட்கர் காட் தம் கட்டுரையில் எழுதிய 'பிரைமரி கீ' இதற்குத்தான். கிராமத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். அதை வைத்தே இணையுங்கள். முன்னால் உள்ள பூஜ்யம் விழாமலிருக்க, எண்ணை எழுத்தாகவே ஏற்றுங்கள். ஏற்றுமுன்னும், ஏற்றிய பின்னும், இணைத்த பின்னும் வரிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் விடாதீங்க தம்பி, அது ஒரு பாட்டி!