அக்டோபர் மாதம் எழுதும் தீர்ப்பு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காற்பந்தும் பூப்பந்தும் கோலோச்சும் இந்த வட்டாரத்தில் பேஸ்பால் அதிகம் பழகாத விளையாட்டு. ஆனால், பள்ளித் திடலில் ரவுண்டர்ஸ் ஆடியவர்களுக்கு அதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஒருவர் பந்தை வீசுகிறார். எதிரணிக்காரர் கட்டையால் அடிக்கிறார். அடித்தவர் மூன்று தளங்களையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் மற்ற அணி அடிக்க வரும். இப்படி ஒன்பது சுற்றுகள். சமநிலை என்றால் கூடுதல் சுற்றுகள். இவ்வளவுதான் விளையாட்டு.

அமெரிக்காவில் வசந்த காலத்தில் தொடங்கும் தொழில்முறைப் பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆறு மாத வெயிலும் மழையும் பயணமும் கடந்து, எஞ்சிய அணிகள் மோதுவது அக்டோபரில். 1903ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பாஸ்டன் நகரில் முதல் 'வேர்ல்ட் சீரிஸ்' இறுதித் தொடர் தொடங்கியது. அன்று முதல் இலையுதிர் காலத்தின் இந்த மாதம் வெற்றி தோல்வியை மட்டும் முடிவு செய்யவில்லை. ஒரு மனிதரின் பெயர் பிற்காலத்தில் எதற்காக நினைக்கப்படும் என்பதையும் அதுவே முடிவு செய்து வந்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பு எப்போதும் நியாயமாக இருந்ததா? அதுதான் இங்கே கேள்வி.

வாய்மூடி இருந்தவரின் விலை

1919 அக்டோபர் 1. சின்சினாட்டி நகரில் இறுதித் தொடரின் முதல் ஆட்டம். சிக்காகோ வைட் சாக்ஸ் அணியே வெல்லும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். அந்த அணியின் புகழ்பெற்ற பந்து வீச்சாளர் எட்டி சிக்காட், தாம் எதிர்கொண்ட முதல் ஆட்டக்காரரின் உடம்பிலேயே பந்தை வீசினார். கூட்டம் அதை ஒரு கைத்தவறு என்றே எண்ணியது. உண்மையில் அது சூதாடிகளுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம். விலை பேசி முடிந்துவிட்டது, அணி தோற்கப் போகிறது என்பதே அதன் பொருள். தொடரை சின்சினாட்டி ஐந்துக்கு மூன்று என்று வென்றது.

மறு ஆண்டில் உண்மை வெளியே வந்தது. எட்டு ஆட்டக்காரர்கள் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1921 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால், விளையாட்டின் முதல் ஆணையராகப் பொறுப்பேற்றிருந்த நீதிபதி கெனிசா மவுண்டன் லாண்டிஸ், மறுநாளே எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார்.

அந்த எட்டுப் பேரில் பக் வீவர் என்பவரின் நிலை தனியானது. சதி பேசிய கூட்டங்களில் அவர் இருந்தார். பணம் வாங்கவில்லை. தொடரில் நன்றாகவே ஆடினார். ஆனால், தெரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சக ஆட்டக்காரரைக் காட்டிக் கொடுப்பது நட்புக்கு இழுக்கு என்று அவர் கருதியிருக்கலாம். விளையாட்டை வஞ்சிப்பவர்களோடு அமர்ந்திருந்து, அதை உடனே வெளியிடாதவருக்கு இங்கே இடமில்லை என்றார் லாண்டிஸ். தடையை நீக்கும்படி வீவர் பலமுறை விண்ணப்பித்தார். பலன் கிட்டாமலே 1956இல் காலமானார்.

இறந்து போனவர்களுக்கு இந்த நிரந்தரத் தடை பொருந்தாது என்று 2025 மே மாதத்தில் ஆணையர் ராப் மேன்ஃபிரட் அறிவித்தார். அதனால் வீவரின் பெயரும், அவரோடு தடை பெற்ற பெரும் ஆட்டக்காரர் ஜோ ஜாக்சனின் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கின. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்து வந்த அந்த விடுதலையைக் கேட்க அந்த எட்டுப் பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

நோன்பு நாளில் ஆடாதவர்

1965ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் பந்து வீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் புகழின் உச்சியில் இருந்தார். மினசோட்டா அணிக்கு எதிரான இறுதித் தொடரின் முதல் ஆட்டம் அக்டோபர் 6ஆம் நாள். முதல் ஆட்டத்தில் அணியின் தலைசிறந்த வீச்சாளரே பந்து வீசுவது வழக்கம். ஆனால், அன்று யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளான யோம் கிப்பூர். யூதக் குடும்பத்தில் பிறந்த கூஃபாக்ஸ் அன்று ஆட மறுத்துவிட்டார்.

அவருக்குப் பதிலாகப் பந்து வீசிய டான் டிரைஸ்டேல் மூன்றாவது சுற்றைக்கூட முடிக்க முடியாமல் வெளியேற, டாட்ஜர்ஸ் எட்டுக்கு இரண்டு என்று தோற்றது. மறுநாள் கூஃபாக்ஸே வீசியும் அணி தோற்றது. பழி சொல்ல நினைத்தவர்களுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு எது? ஆனால், தொடர் அங்கே முடியவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் வென்றார். இரண்டே நாள் ஓய்வுக்குப் பிறகு, அக்டோபர் 14ஆம் நாள் ஏழாவது, இறுதி ஆட்டத்திலும் ஓட்டமே கொடுக்காமல் இரண்டுக்குச் சுழி என்று வென்று கிண்ணத்தைக் கொண்டு வந்தார். அமெரிக்க யூதக் குடும்பங்களில் அவர் வென்ற ஆட்டங்களை விட, அவர் ஆடாத அந்த ஓர் ஆட்டமே அதிகம் பேசப்படுகிறது.

தனியாக நின்ற கர்ட் ஃபிளட்

நான்கு ஆண்டுகள் கழித்து, 1969 அக்டோபரில் ஒரு செய்தி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட், பிலடெல்பியா அணிக்கு மாற்றப்பட்டார். அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு இருந்தது. விரும்பினால் விற்கலாம், மாற்றலாம். மறுக்கும் ஆட்டக்காரருக்கு விளையாட்டை விட்டு விலகுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஃபிளட் மறுத்தார். அப்போது அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 90,000 டாலர். அக்காலத்தில் அது பெரும் தொகை. விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்ல என்ற கருத்தில், அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். பிறகு வழக்குத் தொடுத்தார். ஒரு கறுப்பினத்தவர் அப்படி எழுதியபோது, அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருந்த வரலாற்றை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வழக்கு 1970இல் விசாரணைக்கு வந்தது. அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட அவருக்காகச் சாட்சி சொல்ல முன்வரவில்லை. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களே வந்தனர். அவர்களில் ஒருவர் ஜேக்கி ராபின்சன். 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃபிளட்டின் வழக்கைத் தள்ளியது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்திருந்தது.

ஆனால், அவர் தட்டிய கதவு மூடியே இருக்கவில்லை. 1975 டிசம்பரில் நடுவர் ஒருவரின் தீர்ப்பால் மற்ற இரண்டு ஆட்டக்காரர்கள் சுதந்திரம் பெற்றனர். அதன் பிறகு வந்தவர்கள் கோடிக்கணக்கில் சம்பாதித்தனர். ஃபிளட் 1997 ஜனவரியில் காலமானார். அவருடைய பெயரைத் தாங்கிய சட்டத்தில் அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்டது 1998 அக்டோபர் 27ஆம் நாள்.

வீவர் பேசாததால் அழிந்தார். ஃபிளட் பேசியதால் அழிந்தார். அவருக்காகப் பேசாதவர்களோ அவருடைய இழப்பின் பலனை அனுபவித்தார்கள். மௌனத்தின் விலையை எல்லாரும் ஒரே அளவில் கொடுப்பதில்லை, நேயர்களே.

கடைசி மேடையில் ஒரு கோரிக்கை

ஃபிளட்டுக்காகச் சாட்சி சொன்ன ஜேக்கி ராபின்சன், 1947இல் முதன்மைக் குழுக்களின் நிறத்தடையை உடைத்தவர். அதன் 25ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட, 1972 அக்டோபர் 15ஆம் நாள் சின்சினாட்டியில் இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். வயது 53தான். ஆனால், நீரிழிவு நோய் அவருடைய பார்வையைப் பெருமளவு பறித்திருந்தது. தலைமுடி முழுவதும் நரைத்திருந்தது.

அத்தகைய விழாவில் நன்றி கூறி அமர்வதே வழக்கம். ராபின்சனும் நன்றி கூறினார். ஆனால், அத்துடன் நிற்கவில்லை. மூன்றாம் தளத்தின் அருகே அணியை வழிநடத்தும் இடத்தில் ஒரு கறுப்பினத்தவரைக் காணும்போது தமது மகிழ்ச்சி இன்னும் பெருகும் என்று, நாடே பார்த்துக்கொண்டிருந்த வேளையில் சொன்னார். அதுவரை முதன்மை அணி எதற்கும் ஒரு கறுப்பினத்தவர் நிர்வாகியாக அமர்ந்ததில்லை.

ஒன்பது நாள்களில், அக்டோபர் 24ஆம் நாள் அவர் காலமானார்.

1974 அக்டோபர் 3ஆம் நாள் கிளீவ்லாந்து அணி ஃபிராங்க் ராபின்சனை நிர்வாகியாக அறிவித்தது. பெயர் ஒன்றே தவிர, இருவரும் உறவினர் அல்லர். அடுத்த ஏப்ரலில் அவர் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்துக்கு ஜேக்கியின் மனைவி ரேச்சல் வந்து முதல் பந்தை வீசினார். காலம் மேலும் ஒரு கணக்கைச் சரிசெய்தது. 1992இல் சிட்டோ காஸ்டன் என்ற கறுப்பின நிர்வாகியின் தலைமையில் கனடாவின் டொரொன்டோ அணி கிண்ணத்தை வென்றது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பின நிர்வாகி அவரே. வெற்றியை உறுதி செய்த அந்த ஆட்டம் தொடங்கிய இரவு அக்டோபர் 24. ஜேக்கி மறைந்து சரியாக இருபது ஆண்டுகள்.

கால்களுக்கு இடையே போன பந்து

இறுதியாக ஒரு பிழையின் கதை. 1986 அக்டோபர் 25. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918க்குப் பிறகு கிண்ணத்தைக் கண்டதில்லை. நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டம் பத்தாவது சுற்றுக்கு நீண்டது. பாஸ்டன் ஐந்துக்கு மூன்று என்று முன்னணியில் இருந்தது. நியூயார்க் அணியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் 68 ஆண்டுத் தாகம் தீரும்.

அப்போது நியூயார்க் வரிசையாக மூன்று முறை அடித்தது. வீசப்பட்ட பந்து ஒன்று பிடிப்பவரைத் தாண்டி ஓட, ஆட்டம் சமநிலைக்கு வந்தது. அதன் பிறகுதான் மூக்கி வில்சன் அடித்த மெதுவான பந்து முதல் தளத்தில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு இடையே உருண்டு போனது. மெட்ஸ் வென்றது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பந்து அவரைத் தாண்டியபோது முன்னணி ஏற்கெனவே பறிபோயிருந்தது. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டமும் இருந்தது. அதிலும் பாஸ்டன் முதலில் மூன்று ஓட்டம் முன்னணி பெற்றுப் பிறகு தோற்றது. ஆனாலும் பழி முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தது. 22 பருவங்கள் ஆடி, 2,715 முறை வெற்றிகரமாக அடித்த ஒருவர், வலிக்கும் கணுக்கால்களோடு களத்தில் நின்ற ஒருவர், அந்த ஒரு நொடியாகச் சுருக்கப்பட்டார். கேலியும் வசையும் அவரைத் தொடர்ந்தன. குடும்பத்தோடு தொலைதூர ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்.

பாஸ்டன் 2004 அக்டோபரிலும் 2007 அக்டோபரிலும் கிண்ணம் வென்றது. 2008 ஏப்ரல் 8ஆம் நாள், பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் முதல் பந்தை வீச பக்னரை அழைத்தார்கள். அவர் மைதானத்தில் நடந்து வந்தபோது கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். 2019இல் காலமானார்.

கூட்டம் அவரை மன்னித்தது என்று பலர் எழுதினார்கள். உண்மையில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்? 1919இல் நடந்தது துரோகம். 1986இல் நடந்தது கைப்பிழை. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே தண்டனையை உலகம் கொடுத்தது. வென்ற பிறகு மன்னிப்பது எளிது. தோற்ற இரவிலேயே பிழைக்கும் குற்றத்துக்கும் வேறுபாடு காண்பதுதான் கடினம்.

இந்த வேறுபாடு விளையாட்டுத் திடலுக்கு மட்டும் உரியதன்று. தேர்வில் ஒரு தாளில் தவறிய மகன், வேலையில் ஒரு கணக்கைத் தவறவிட்ட ஊழியர், மேடையில் ஒரு வரியை மறந்த குழந்தை, இவர்கள் ஒவ்வொருவரின் கால்களுக்கு இடையிலும் ஒரு பந்து உருண்டு போயிருக்கிறது. அவர்களை 22 ஆண்டுகள் காக்க வைக்காமல், அன்று மாலையே தோளில் தட்டிக் கொடுக்க ஒருவர் இருந்தால் போதும்.