எளியோர் கைக்கு எட்டும் வரைபடக் கருவி



பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வரைபட வினாவுக்கு விடையெழுதும் நம் பிள்ளைகள் பெரிதும் தடுமாறுவது அளவுத்திட்டத்தில்தான். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு என்பதைத் தவறாகக் கொண்டால் படம் தாளுக்கு வெளியே போய்விடும். அல்லது மூலையில் சுருங்கிவிடும். கணிப்பொறியில் அறிவியல் வரைபடம் வரையும் மென்பொருள் நூலகங்களை அமைப்போரும் இதே இடத்தில்தான் முதலில் நிற்கின்றனர். பயன்படுத்துவோரிடம் எதைக் கேட்பது, எதைக் கேளாமலே செய்துகொடுப்பது?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் ஹண்டர் என்னும் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின்னலைகளை ஆராய்ந்தார். அதற்குரிய மென்பொருளுக்கு அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் உரிமம்தான் இருந்தது. அதன் சாவிக்கருவியை மாணவர்களும் மருத்துவர்களும் முறைவைத்து வாங்கிப் பயன்படுத்தினர். (நம் விடுதிகளில் ஒரே பாடநூலைப் பத்துப் பேர் முறைவைத்துப் படித்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அந்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததே, பைத்தான் மொழியில் அமைந்து 2003இல் வெளிவந்த 'மேட்பிளாட்லிப்'. அது எவருக்கும் விலையின்றிக் கிடைக்கிறது.

விலையில்லாமை மட்டும் போதாது என்பதை ஹண்டர் உணர்ந்திருந்தார். 'மேட்லாப்' என்னும் விலைமிகு மென்பொருளில் பழகியோர் புதிதாகக் கற்க வேண்டாதபடி, கட்டளைகளை அதன் சாயலிலேயே அமைத்தார். எண்களைக் கொடுத்து ஒரு வரி எழுதினால் அச்சுகளும் அளவுத்திட்டமும் தாமே அமைகின்றன. பட்டை வரைபடம் கேட்டால் அச்சு பூச்சியத்திலிருந்தே தொடங்குகிறது. இல்லையெனில் சிறு வேறுபாடும் பெரிதாய்த் தோன்றிப் பார்ப்பவரை ஏமாற்றும். கேட்டறிய ஆளில்லாத மாணவன் அமைப்பு எதையும் மாற்றமாட்டான். ஆகையால் கருவி தானாக எடுக்கும் முடிவே அவனுக்கு ஆசிரியர்.

அந்த ஆசிரியரும் பிழை செய்ததுண்டு. பல்லாண்டுகள் அந்நூலகம் வானவில் நிறவரிசையைத் தானாக இட்டது. எண்களில் இல்லாத எல்லைகள் அதில் இருப்பனபோல் தோன்றின. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதோர் இடர்ப்பட்டனர். 2017இல் வெளிவந்த 2.0 பதிப்பில் 'விரிடிஸ்' என்னும் நிறவரிசை அவ்விடத்தைப் பெற்றது. அடர் ஊதாவிலிருந்து மஞ்சள்வரை ஒளி சீராக ஏறுவதால், கறுப்பு வெள்ளை அச்சிலும் அது பொருள் தரும். இன்னொரு குறை இன்றும் உண்டு. ஒரே தலைப்பை இட இருவேறு பெயருடைய கட்டளைகள் இருப்பதால், கற்போர் இரண்டையும் கலந்து குழம்புகின்றனர்.

கருவி இல்லாத காலத்தில் இப்பணி எத்துணை உழைப்பைக் கேட்டது! 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காக, டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு, கறுப்பின மக்களின் கல்வி, நிலவுடைமை, தொழில் ஆகியவற்றை மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைவித்தார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் மடல் எழுதியது இதே டூ பாய்ஸுக்குத்தான். அவற்றுள் ஒரு படத்தில், ஜார்ஜியாவின் சிற்றூர்களில் வாழ்ந்தோரைக் காட்டும் கோடு தாளில் அடங்காமையால் சுருளாக வளைக்கப்பட்டுள்ளது. அச்சுருளுக்கு மேட்பிளாட்லிப்பில் ஒற்றைவரிக் கட்டளை இல்லை. ஆயினும் கோடுகளையும் வளைவுகளையும் தனித்தனியே இட்டு வரைய, உள்அடுக்கு ஒன்று திறந்தே இருக்கிறது. தொடங்குவோனுக்கு ஒரு வரி, துணிந்தவனுக்கு முழு உரிமை என்னும் இரண்டும் வேண்டும்.

நம் சங்கத்தில் 25 ஆண்டுச் சேர்க்கைப் பதிவேடுகள் உள்ளன. எத்தனை பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றனர் என்பதும் அவற்றுள் அடங்கும். வரைய முன்வரும் இளைஞர்களுக்கு எண்களை வரிசைப்படுத்தித் தர நாம் இருக்கிறோம்.