விதி வைப்பவருக்குப் பரிசு வேண்டுமா?

(செங்கல்பட்டு மாவட்டக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு மூளை விளையாட்டுகளில் ஆர்வம் பிறந்தது. அதைப் பயன்படுத்தி, ஏழாம் வகுப்பில் 'விதியைக் கண்டுபிடி' விளையாட்டைத் தொடங்கினேன். ஒருவர் மனத்தில் ஒரு விதியை வைத்துக்கொண்டு கரும்பலகையில் 2, 4, 6 என்று எழுதுவார். மற்றவர்கள் மூன்று மூன்று எண்களாகச் சொல்ல, அவர் 'பொருந்தும்', 'பொருந்தாது' என்பார்.

யாரும் கண்டுபிடிக்காத விதிக்குப் பென்சில் பரிசு என்று அறிவித்தேன். அங்கேதான் தவறினேன். அவிழ்க்கவே முடியாத விதிகளாக வந்தன; கடைசி வரிசைப் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. எல்லாரும் கண்டுபிடித்தால் பரிசு என்று மாற்றினேன். 'இரட்டை எண்' தவிர வேறு விதியே வரவில்லை.

1956இல் ராபர்ட் அபாட் உருவாக்கிய 'எலூசிஸ்' சீட்டாட்டமும் இதே வகைதான். அதில் விதி மிக எளிதானாலும் மிகக் கடினமானாலும் விதி வைப்பவருக்கு மதிப்பெண் குறையும்.

இப்போது எங்கள் வகுப்பில் பென்சில் இல்லை. விதியை முன்பே தாளில் எழுதி மடித்து என்னிடம் தர வேண்டும். சிலர் உடனே, சிலர் தடுமாறிக் கண்டுபிடித்தால், அவரே அடுத்த வாரமும் விதி வைப்பார். அந்த வாய்ப்புக்குத்தான் இன்று போட்டி.

தோற்கடிப்பது எளிது, யோசிக்க வைப்பதுதான் வேலை. வினாத்தாள் எழுத உட்காரும் நமக்கும் இது பொருந்தும்.